சிப்பிக்குக் கீழே

எங்கள் வீட்டு வளவில் கிணறு வெட்டிய வருடமும் நான் ஆங்கிலம் படிக்கப் போன வருடமும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் செய்த முட்டாள்தனம் முழுதாக விளங்கும். அந்த நேரத்தில் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் காணி கண்டாவளையில், வயல்வெளி முடிந்து நிலம் கடல்நீரேரிப் பக்கமாகச் சரியத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. நீரேரிக்குச் சைக்கிளில் போனால் கால் மணித்தியாலம்கூட ஆகாது. போர் முடிந்து மீள்குடியேறி வந்த நாளிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் பக்கத்து வளவுக் கிணற்றில்தான் அள்ளினோம். அந்த வளவில் இருப்பவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு பசு மாடும் மூன்று ஏக்கர் வயலும் வைத்துக்கொண்டு தனியாகச் சமாளிக்கிறார். குளத்துத் திட்டத்தில் காணி கொடுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர் அவருடைய தகப்பன்.

அக்கா ஒரு நாளும் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் வாளியில் கைவைத்த உடனேயே குசினிக்குள்ளிருந்து குரல் வரும். "ரீச்சர், கயித்தை மண்ணில போடாதேங்கோ." "ரீச்சர், கால் கழுவுறதெண்டால் அங்கால தள்ளிப் போங்கோ." நான் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன், அதனால் ரீச்சர். கால் கழுவத் தள்ளிப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? நாள் முழுக்க நாற்பது குழந்தைகளுக்கு அதைத்தானே சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு உச்சியில் ஏறிவிடும்.

எங்கள் ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடி வந்தவர்கள். வன்னிக்கு வந்து இவ்வளவு காலம் ஆகியும் வீட்டுக்குள் ஒரு பேச்சு, வெளியில் ஒரு பேச்சு. படலையைத் தாண்டினால் 'ஓம்', திரும்பி உள்ளே வந்தால் 'ஆமா'. வெளியில் யாராவது நம்மைத் திருத்தினால், அவர்கள் திருத்துவது கயிற்றையா அல்லது நம்மையா என்று யோசிக்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. அதனால் சொந்தக் கிணறு என்பது எனக்குத் தண்ணீர் மட்டும் அல்ல.

கிணறு கட்டிக் கொடுக்கும் திட்டம் ஒன்றில் எங்கள் பெயரும் வந்தது. கொங்கிறீட் வளையங்கள் அவர்கள் தருவார்கள், வெட்டுவது எங்கள் பொறுப்பு. ஆவணி மாதம், நிலம் நன்றாகக் காய்ந்திருந்த நேரம், கணவரின் அண்ணன் துணுக்காயிலிருந்து கடப்பாரை, மண்வெட்டி எல்லாவற்றோடும் வந்து சேர்ந்தார். அந்தப் பக்கத்தில் கிணறு என்றால் அவரைத்தான் தேடுவார்கள். அங்கே கல் வரும். கல்லை உடைத்துக்கொண்டு கீழே போகப் போகத்தான் தண்ணீர். ஆட்கள் களைத்துப்போய் விடலாம் என்று சொல்லும் இடத்தில் இன்னும் இரண்டு முழம் வெட்டித் தண்ணீர் காட்டியவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது.

எங்கள் வளவில் கல்லே வரவில்லை. முதலில் மணல், பிறகு கறுப்புக் களி. ஒன்பது அடியில் தண்ணீர் கசியத் தொடங்கியது. அள்ளிக் குடித்துப் பார்த்தோம், இளநீர் மாதிரி இருந்தது. பன்னிரண்டு அடியில் மண்வெட்டி கரகரவென்று சத்தம் போட்டது. மேலே வந்த கூடையில் சிப்பி. ஒவ்வொன்றும் என் கையகலம். சிலது வாய் மூடியபடி, அப்படியே முழுதாக இருந்தது. நான் அவற்றைக் கழுவி வாசல் பூக்கன்றுகளைச் சுற்றி அடுக்கினேன்.

அன்று பின்னேரம் அக்கா வேலியோரமாக வந்து நின்றார்.

"சிப்பி வந்திட்டுதோ?"

"ஓமக்கா, பாருங்கோவன், என்ன பெரிசெண்டு."

"அப்ப இதோட நிப்பாட்டுங்கோ. சிப்பிக்குக் கீழ வெட்டுறேல்லை."

"ஏனக்கா?"

"எங்கட ஐயா சொன்னது. வெட்டுறேல்லை எண்டால் வெட்டுறேல்லை."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். அந்தக் குரல் இருக்கிறதே, கயிற்றை மண்ணில் போடாதே என்று சொல்கிற அதே குரல். இப்போது என்னுடைய காணிக்குள், என்னுடைய கிணற்றுக்குள்ளும் வந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. எங்கள் கிணறு தன்னுடைய கிணற்றைவிட ஆழமாகப் போய்விடக் கூடாது என்று பார்க்கிறார் என்றும் நினைத்தேன். இப்படி நினைத்ததை இன்றைக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

கணவர் தயங்கினார். "அவங்க இந்த மண்ணுலயே வளந்தவங்க. ஏதோ இருக்கப் போய்த்தானே சொல்றாங்க" என்றார்.

அண்ணன் கிணற்றுக்குள்ளிருந்தே சிரித்தார். "சிப்பின்னா சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஒடம்புக்கு நல்லதுதான். இந்தத் தண்ணி பங்குனி வரைக்கும் நிக்காது. இன்னும் ஆறடி போனா ஊத்து தெறிக்கும் பாரு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வெட்டச் சொன்னது நான்தான். அண்ணன் மேல் பழி போடுகிற ஆட்களிடம் இதைத்தான் இன்றும் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களுக்குத் தண்ணீரைப் பற்றி இருந்த அறிவெல்லாம் மலையில் சேர்த்தது. அங்கே தண்ணீர் மலைச்சரிவில் செருகிய பீலிக் குழாயில் வரும். குறைந்துபோனால் மண்ணை இன்னும் உள்ளே குடைவார்கள், கூடுதலாக வரும். உள்ளே போகப் போக நல்லது, அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்கில் உப்பு என்ற ஒன்று கிடையாது. மலையில் கடல் ஏது? துணுக்காயிலும் அது பொய்க்கவில்லை. கண்டாவளைக்கு வந்துதான் பொய்த்தது.

பதினெட்டு அடியில் நிறுத்தினோம். அண்ணன் சொன்னபடி ஊற்றுத் தெறித்தது. மஞ்சள் தெளித்து, கற்பூரம் கொளுத்தி, முதல் வாளித் தண்ணீரைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனோம். இரண்டாவதாக ஒரு குடம் அக்கா வீட்டுக்கு. அன்பில் கொண்டுபோகவில்லை, காட்டத்தான் கொண்டுபோனேன். அவர் ஒரு பேணியில் ஊற்றிக் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்றார். எனக்கு அந்தத் திருப்தி ஒரு கிழமைக்குப் போதுமாக இருந்தது.

அந்த வருடம் ஐப்பசி முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. புழுதியில் விதைத்த நெல்லைப் புறாக்கள் பொறுக்கின. கார்த்திகைக் கடைசியில் நாலே நாலு நாள் அடித்துக் கொட்டியது. ஒழுங்கை எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் தண்ணீர் ஓடியது. ஐந்தாம் நாள் வெயில். நல்ல மழை என்று எல்லோரும் சொன்னோம். விழுந்த தண்ணீர் நிலத்துக்குள் இறங்க நேரமில்லாமல் நீரேரிக்குப் போய்ச் சேர்ந்ததை ஒருவரும் மழைக்கணக்கில் கழிக்கவில்லை.

தை மாதம் ஆங்கில வகுப்புத் தொடங்கியது. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள் டிப்ளோமா முடிக்க வேண்டும், டிப்ளோமாவுக்கு ஆங்கிலம் பேசிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட ஆங்கிலம் எதற்கு என்று கூட்டத்தில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அதிகாரி மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கொப்பியும் கையுமாகப் போய் உட்கார்ந்தேன்.

பொதுநோக்கு மண்டபத்தில் வகுப்பு. படிப்பித்தவர் கிளிநொச்சியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற ஒரு இளம் பெண், என்னைவிடப் பதினைந்து வயது குறைவாக இருக்கும். நல்ல பொறுமைசாலி. எங்களைப் போன்ற வளர்ந்த ஆட்களுக்குச் சந்தையில் மரக்கறி வாங்குவதையும் பஸ்ஸில் இடம் கேட்பதையும் ஆங்கிலத்தில் படிப்பித்து முடித்துவிட்டு, மாசியில் புதிய பாடம் ஒன்று தொடங்கினார். பூமி எப்படி மாறுகிறது என்ற பாடம்.

'வெதர்' வேறு, 'கிளைமேட்' வேறு என்பதில் தொடங்கினார். இன்றைக்கு மழையா வெயிலா என்பது வெதர். ஒரே இடத்தில் முப்பது வருடம் மழையையும் வெயிலையும் பார்த்து, இந்த இடம் இப்படித்தான் என்று சொல்ல முடிந்தால் அது கிளைமேட். சொல்லிவிட்டு, ஒவ்வொருவரும் தங்கள் ஊரின் கிளைமேட்டைப் பற்றி இரண்டு வசனம் சொல்லுங்கள் என்றார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆங்கிலம் வராமல் அல்ல. முதல் வாங்கில் இருந்த ஒருவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, தான் ஒரே இடத்தில் கூடுதலாக இருந்தது பன்னிரண்டு வருடம் என்றார். மற்றவர்களும் எண்ணினார்கள். ஒருவராலும் முப்பது சொல்ல முடியவில்லை. என் குடும்பத்தை எடுத்தால், மலையில் பிறந்தவர்கள் மலையில் சாகவில்லை. வன்னியில் பிறந்த நான் வன்னிக்குள்ளேயே எத்தனை இடம் மாறி மாறி இருந்தேன் என்பதை எண்ண எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரே கிணற்றடியில் நின்று முப்பது கார்த்திகை பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. படிப்பித்த பெண் சங்கடப்பட்டு, அப்படியென்றால் பத்து வருடத்துக்குச் சொல்லுங்கள் என்று குறைத்துக் கேட்டார்.

பாடம் நல்ல பாடம். மலையை மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது, ஆறு அதை மணலாக்கிக் கீழே கொண்டுவருகிறது, பனிக்கட்டி உருகினால் கடல் ஏறுகிறது, உறைந்தால் இறங்குகிறது, கடல் இருந்த இடம் தரையாகிறது, தரை கடலாகிறது. கடலுக்குத் தூரமான இடங்களில்கூடச் சிப்பி கிடைப்பது அதனால்தான். இதை ஆங்கிலத்தில் அரைப் பக்கம் பாடமாக்க வேண்டும். புதுக் கிணற்றை நம்பி வைத்த மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டும்போதுதான் எனக்குப் பாடமாக்க வசதி. பம்பைப் போட்டுவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் போகிற அழகைப் பார்த்துக்கொண்டு, கொப்பியைப் பார்க்காமல் உரத்துச் சொல்வேன். காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம். யாரையும் கேட்காமல் சுவிட்சைப் போடுவதில் இருந்த சந்தோசத்தை என்னால் மறைக்க முடியாது. அண்ணன் வெட்டிய கிணறு பங்குனி வெயிலிலும் வற்றவில்லை. எவ்வளவு இறைத்தாலும் அடுத்த நாள் காலையில் அதே மட்டத்துக்கு வந்து நின்றது.

சித்திரையில் மிளகாய் இலையின் நுனி கருகத் தொடங்கியது. பூச்சி என்று மருந்து அடித்தேன். சவர்க்காரம் நுரைக்கவில்லை, சவர்க்காரம் தரமில்லை என்று கடையை மாற்றினேன். கணவர் ஒரு நாள் சோறு சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரைக் குடித்து, "தண்ணி ஒரு மாதிரி இருக்கே" என்றார். புதுக் கிணறு, கொங்கிறீட் மணம் அப்படித்தான் இருக்கும் என்றேன். கொங்கிறீட் மணம் எட்டு மாதம் கழித்தா வரும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்கும்.

வைகாசியில் ஆங்கிலம் பேசிக் காட்டும் பரீட்சை. மூன்று நிமிடம் பேச வேண்டும். என் இடம் எப்படி மாறியது என்பதை எடுத்துக்கொண்டேன். வாசலில் அடுக்கியிருந்த சிப்பிகளில் நல்லதாக நாலு எடுத்து, சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். வெளியிலிருந்து வந்திருந்த பரீட்சைக்கார அம்மாவின் மேசையில் அவற்றை வரிசையாக வைத்தேன். "லோங் எகோ த சீ வோஸ் ஹியர்" என்று தொடங்கி, பனிக்கட்டி, ஆறு, மணல் எல்லாவற்றையும் ஒரு தடக்கலும் இல்லாமல் சொல்லி முடித்தேன். அவர் ஒரு சிப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எங்கே கிடைத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் கிணற்றில் என்றேன். தண்ணீர் நல்லதா என்று கேட்டார். "வெரி குட்" என்றேன்.

அந்த ஒரு கிழமையாக நான் கறிக்கு உப்புக் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கை தானாகவே குறைத்தது. ஏன் என்று நான் என்னைக் கேட்கவில்லை. நாலு சிப்பியையும் மேசையில் வைத்து, இங்கே கடல் இருந்தது என்று சொல்லி மாக்ஸ் வாங்கியவளுக்கு, அந்தக் கடல் எங்கே போனது என்று கேட்கத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் படித்தது ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. அது வேறு ஏதோ ஒரு பூமியைப் பற்றிய பாடம் என்றுதான் எனக்குள் பதிந்திருக்க வேண்டும்.

பாஸ் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். பறக்காத குறையாக வீட்டுக்கு வந்தேன். எங்கள் படலையில் அக்கா ஒரு கேத்தலோடு நின்றார். மூடியைத் திறந்து காட்டினார். பால் தேத்தண்ணீர் திரிதிரியாகப் பிரிந்து மிதந்தது.

"மூண்டு நாளாப் பால் திரையுது, ரீச்சர். மாட்டில ஏதோ பிழை எண்டு நினைச்சன். இண்டைக்குத் தண்ணியைத் தனிய வாயில விட்டுப் பாத்தன்."

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்; எனக்கு அது சுலபம். அவருடைய கிணற்றடிக்குப் போனேன். அள்ளிக் குடித்தேன். எத்தனையோ வருடம் நான் குடித்த அந்தத் தண்ணீர் கரித்தது. பிறகு என் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தேன். நேற்றும் அதைத்தான் குடித்தேன், ஆனால் இன்றைக்குத்தான் அது உப்பு என்று நாக்கு ஒப்புக்கொண்டது. தோளில் தொங்கிய பையில் சிப்பிகள் கிடந்து உரசின. வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. முகம் மட்டும் அல்ல, காது, கழுத்து எல்லாம் சுட்டது.

பிறகு ஒரு அலுவலர் வந்து, வயர் பூட்டிய கருவி ஒன்றை இரண்டு கிணற்றிலும் இறக்கிப் பார்த்தார். அவர் சொன்னது இவ்வளவுதான். இந்தப் பக்கம் முன்பு கடல். கடல் போனாலும் அதன் உப்புத் தண்ணீர் கீழே கிடக்கிறது. மழைத்தண்ணீர் இறங்கி அதற்கு மேலே ஒரு படையாக, ஒரு அடுக்காக நிற்கிறது. களியும் சிப்பியும் இரண்டையும் பிரிக்கிற மூடி. அந்த மூடியை நாங்கள் உடைத்தோம். உடைத்ததோடு நில்லாமல் ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் இறைத்தோம், உப்பு மேலே ஏறியது, பக்கத்துக் கிணற்றுக்கும் போனது. முன்பு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மழை நின்று பெய்து நல்ல தண்ணீர்ப் படையைத் தடிப்பாக வைத்திருந்தது, இப்போது நாலு நாளில் பெய்து ஓடிவிடுகிறது, அதனால் படையும் மெல்லிசு என்றார். நான் அரைப் பக்கம் பாடமாக்கிய அதே கதை.

அலுவலர் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. பிழை என்னுடையது என்று தெரிந்தும் வந்தது.

"சிப்பிக்குக் கீழ உப்பெண்டு அண்டைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேயக்கா! வெட்டுறேல்லை, வெட்டுறேல்லை எண்டால் ஆருக்கு விளங்கும்?"

அக்கா என்னை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பள்ளம். தென்னோலையும் உடைந்த போத்தலும் கொட்டிக் கிடந்தது.

"இதுதான் ஐயா முதல் வெட்டின கிணறு. நல்ல ஆழமா வெட்டினவர். வெட்டின உடன நல்ல தண்ணி. ஊரெல்லாம் கூட்டிக்கொண்டுவந்து காட்டினவராம். அடுத்த வருசம் உப்பு. வெக்கத்தில மூடிப்போட்டு, ஒருத்தருக்கும் வாய் திறக்கக் கூடாதெண்டு எங்களுக்குச் சொல்லிப்போட்டார். செத்த பிறகும் அவற்ர சொல்லைத் தட்ட மனம் வரேல்லை."

"பிறகு அதில தண்ணி நல்லா வந்ததோ?"

"ஆர் பாத்தது? மூடினது மூடினதுதான்."

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரும் தன் ஊர்க் கணக்கைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறார். அதை அவர் ஒளித்தார். அந்த ஒளிப்பைக் காப்பாற்ற மகள் அதட்டினார். அதட்டியது பிடிக்காமல் நான் வெட்டினேன். இதில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அந்தக் குப்பைப் பள்ளத்தடியில் நின்றேன். அக்கா அழுதார். நானும் அழுதேன்.

அந்தக் கிழமையே பம்பைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்தோம். மிளகாய் பாதி அறுவடையில் நின்றது. அப்படியே காயவிட்டோம். அண்ணன் துணுக்காயிலிருந்து திரும்ப வந்தார், இந்த முறை களிமண்ணை இறக்க. வெட்டும்போது பாட்டும் பகிடியுமாக இருந்தவர் மூடும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. சிப்பிப் படைக்கு மேலே வரும்வரை கூடை கூடையாகக் களி கொட்டி, இறங்கி நின்று காலால் மிதித்து இறுக்கினார். போகும்போது மட்டும், "நமக்குத் தெரிஞ்சது அந்த மண்ணு. இந்த மண்ணைக் கேக்காம விட்டுட்டோம்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் பவுசர் லொறியில் வரும் தண்ணீர்தான். ஒழுங்கை முகப்பில் ஒரு கறுப்புத் தாங்கி வைத்திருக்கிறார்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து நிரப்புவார்கள். சைக்கிள் கரியரில் எங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் கான், அக்காவுக்கு ஒரு கான். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் கேட்கவில்லை. அவருக்குப் பிறசர் இருக்கிறது; உப்பைக் குறைக்கச் சொல்லி ஒவ்வொரு கிளினிக்கிலும் எழுதி விடுகிறார்கள். அவருடைய கிணற்றை உப்பாக்கியவள் நான். அது நல்லதாகும்வரை கான் சுமப்பது என்று எனக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். முழங்கால் நோவு வந்த பிறகும் அந்தத் தீர்ப்பை மாற்றவில்லை.

அடுத்த மாரிக்கு முன் இரண்டு வளவின் பள்ளப் பக்கத்திலும் முழங்கால் உயரத்துக்கு மண்கட்டுப் போட்டோம். மழை மறுபடியும் ஒரேயடியாகத்தான் கொட்டியது, ஆனால் ஓடவில்லை. பத்து நாள் வளவுக்குள் தண்ணீர் நின்றது. நுளம்பு பிடுங்கியது. ஒழுங்கைச் சனம் எங்களுக்கு விசர் என்றது. கோழிகளை நாங்கள் வாங்கில் ஏற்றி வைத்திருந்தோம். தண்ணீர் மெல்ல மெல்ல நிலத்துக்குள் போனது. தையில் அக்காவின் கிணற்றைக் குடித்துப் பார்த்தேன். கரிப்புக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அதற்கு அடுத்த இரண்டு மாரியிலும் அப்படியே கட்டுப் போட்டு, அப்படியே மறித்தோம்.

இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்து ஒரு கிழமை இருக்கும், காலையில் கானைக் கொண்டுபோய் அக்காவின் படலையில் இறக்கினேன். அவர் ஓடிவராத குறையாக வந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"இனி வேண்டாம், ரீச்சர். தண்ணி நல்லா வந்திட்டுது. உங்களுக்குச் சொல்லேல்லை, ஒரு மாசமா நான் இதைத்தான் குடிக்கிறன். முந்தின தண்ணி மாதிரியே கிடக்கு."

கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தானே ஒரு வாளி அள்ளி, செம்பில் ஊற்றி என்னிடம் தந்தார். கயிறு மண்ணில் கிடந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. நான் குடித்தேன்.

உப்பு. முந்திய மாதிரி இல்லை, பாதிகூட இருக்காது. ஆனால் உப்பு. நான் இரண்டரை வருடமாகப் பவுசர் தண்ணீர் குடிப்பவள், என் நாக்குக்குத் தெரிந்தது. அவர் ஒரு மாதமாக இதையே குடிக்கிறார். அவருடைய நாக்கு இந்தத் தண்ணீரோடு சமாதானமாகிவிட்டது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓம் என்று ஒரு சொல் போதும். கான் இல்லை, முழங்கால் நோவு இல்லை, நான் செய்த பிழையும் அந்தச் சொல்லோடு முடிந்துவிடும். அவரும் அதைத்தான் கேட்டு நின்றார். எனக்கு அந்தச் சொல் எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்ல முடியாது. போன கிழமை கிளினிக்கில் அவருக்குப் பிறசர் ஏறியிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்; ஏன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இல்லையக்கா" என்றேன். "உப்பு இன்னும் இருக்கு."

அவர் செம்பை என் கையிலிருந்து வாங்கினார். மிச்சம் இருந்ததை வாயில் விட்டு, விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு விழுங்கினார். இன்னொரு தடவை அள்ளிக் குடித்தார்.

"எனக்கொண்டும் தெரியேல்லையே, ரீச்சர்" என்றார். அந்தக் குரலில் நான் முதல் தடவையாகப் பயத்தைக் கேட்டேன்.